ஏழாம் நாள் செலவு

வத்ரா தோர்னேயின் கடைசிப் பெட்ரோல் பங்கைத் தாண்டி
நடைபாதை தீர்ந்துபோகிற இடத்தில் நிற்கிறேன்.
அட்டையில் பிஸ்த்ரித்ஸா.
கடைசி எழுத்துக்கு இடம் போதாமல்
ஓரத்தில் வளைந்து இறங்குகிறது ஊர்.

இடுப்புப் பையில் அறுபத்து மூன்று லெய்.
எல்லைக்கு இன்னும் நான்கு நாள்.
காலை உணவு, ரொட்டியின் ஒரு முனை.
மறுமுனைதான் நேற்றைய ராத்திரி.

லாரிகள் போகின்றன.
மரம் ஏற்றியவை ஈரம் மணக்க,
காலியானவை சங்கிலி குலுங்க.
ஒருவன் இரு கையையும் விரிக்கிறான், இடமில்லையாம்.
அவன் பக்கத்து இருக்கையில்
ஒற்றைத் தர்பூசணி.
இன்னொருவன் விரலைக் கீழே காட்டிச் சுழற்றுகிறான்:
இங்கேயேதான், கிட்டத்தில்தான்.
நானும் ஒரு மணி நேரமாய்
இங்கேயேதான்.

ஏழே கால்.
எனக்கு முன்னால் இருபதடி தள்ளி
வந்து நிற்கிறாள் ஒருத்தி.
கட்டைவிரல் தர்மத்தில் இது களவு.
சொல்லவும் வாய் திறந்தேன்.
அவளோ கட்டைவிரலே நீட்டவில்லை.
உள்ளங்கையைக் கவிழ்த்து
கண்ணுக்குத் தெரியாத நாயொன்றைத் தட்டிக்கொடுப்பதுபோல்
இரண்டு தட்டு.
முதல் கார் நின்றது.

வெளுத்த டாச்சியா.
பின்னிருக்கையில் சீட் பெல்ட் போட்டபடி
ஒரு வாஷிங் மெஷின்.
அவள் குனிந்து ஏதோ சொன்னாள், என்னைக் காட்டினாள்.
மிச்சமிருந்த ஒரு சாண் இடத்தில்
முழங்காலும் மூட்டையுமாய் நான்.

சம்ஃபிரா. ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிஃப்ட்.
கையில் இன்னும் டெட்டால் வாசனை.
பஸ்ஸை நிறுத்தி ஐந்து வருஷமாம்.
போக இப்படி, வர இப்படி.
நான் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு
சட்டென்று இத்தாலியனுக்கு மாறினாள்:
பெர்காமோவில் ஆறு வருஷம்
கிழவர்களைக் குளிப்பாட்டினேன்.
எனக்கு பிரேஷா, நாற்பது நிமிஷ தூரம்.
அதைச் சொல்ல ஏன் இத்தனை தயக்கம்
என்று தெரியவில்லை.
"அங்கே யாரும் நிறுத்த மாட்டார்கள்"
என்றாள், மழை வராது என்பதுபோல.
குற்றமாய் இல்லை. வெறும் தகவல்.

பொயானா ஸ்தாம்பேயில் இறங்கினாள்.
மாதாவின் சிறு படத்தடியில்
ஊதா நிற ஐந்து லெய் ஒன்றைச் செருகினாள்.
ஹராலாம்பியே அதைப் பார்க்கவில்லை.
பார்க்காமலே பெட்டிக்குள் தள்ளினான்.

முன்னே வரட்டுமா என்று சைகை செய்தேன்.
மலை வருகிறது, அதைப் பிடித்துக்கொள் என்றான்.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
கல்யாண வீட்டுக் குடிகாரன்போல்
என் தோளில் சாய்ந்தது மெஷின்.
வெளியே புல்வெளி, வைக்கோல் போர், மூடுபனி,
இதற்காகத்தான் வந்தேன்.
எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

பிஸ்த்ரித்ஸா.
பையைத் திறந்தேன்.
என் விரல்களை மடக்கி
என் கைக்குள்ளேயே வைத்து அழுத்தினான்.
விருந்தாளியிடம் வாங்குவார்களா?
பிறகு வானத்தைப் பார்ப்பதுபோல் மேலே பார்த்தான்.
மகள் வீடு. மூன்றாம் மாடி.
லிஃப்ட் கிடையாது.

படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன், கை நடுங்க.
மகள் கொண்டுவந்த பீன்ஸ் சூப்பில்
இரண்டாவது கிண்ணம்.
உள்ளே மெஷின் முதல்முறையாகச் சுழல்கிறது.
சுவர் அதிர்கிறது, ஹராலாம்பியே சிரிக்கிறான்.

நோட்டை விரித்தேன்.
ஏழாம் நாள். பயணம்:
ஒரு நாட்டை எவ்வளவு மலிவாய்க் கடந்தேன் என்று
ஊரில் காட்டவென்றே வாங்கிய நோட்டு.
சைபர் போட்டேன். வட்டம் சரியாக மூடவில்லை.
பக்கத்தில் ஐந்து என்று எழுதி, அடித்தேன்.
அது என் காசுமில்லை.

இந்நேரம் திரையை இழுத்துவிட்டுத்
தூங்கிக்கொண்டிருப்பாள்.
சாயங்காலம் ஆறு மணிக்கு
சாலையின் எதிர்ப்பக்கம் நின்று
அந்த நாயைத் தட்டிக்கொடுக்க வேண்டும்.