சுவர், இரண்டடி மூன்று அங்குலம்

நகரசபை கேட்டது: வரைபடம் எங்கே?
எழுபத்திரண்டில் தொடங்கிய பள்ளிக்கூடம்.
ஒருவரும் ஒரு கோடும் கீறி வைக்கவில்லை.
அதனால் நான், வவுனியாவில்,
ஹொரவப்பொத்தானை வீதியில், வெயில் ஏறமுன்.
நாடாவின் மற்ற நுனி கபிலாஷின் கையில்.

முன்மண்டபம் முதலில் நெல் ஆலை.
வைரவப்பிள்ளை முதலாளி இயந்திரத்தைக் கழற்றி விற்று
வாங்குகள் போட்டாராம், ரியூட்டரிக்கு.
பெல்ற் ஓடிய துளை இன்னமும் இருக்கிறது
ஏழாம் ஆண்டுக் கரும்பலகைக்கு மேலே.
அதில் ஒரு மைனா.
நெல் அவித்த தண்ணீர் வடியத் தரையைச் சரித்திருக்கிறார்கள்;
விழுகிற பென்சில் எல்லாம்
வாசலுக்குத்தான் உருளும்.

மாடிப்படி பத்தொன்பது.
பதினொன்று வரைக்கும் ஒரே உயரம்.
பிறகு சீமெந்துக்குப் பெர்மிற்,
எட்டுப் பை மட்டும்.
மிச்சப் படிகள் கட்டை.
பிள்ளைகளின் கால்களுக்கு அது தெரியும்,
புது ஆசிரியர்கள்தான் தடக்குவார்கள்.

பின்கட்டில் கணக்கு உதைத்தது.
வெளியால் அறுபத்திரண்டு அடி.
உள்ளால், சுவர்த் தடிப்பெல்லாம் கூட்டியும்,
ஒன்றரை அடி குறைவு.
நாடாவை இழுத்துப் பிடியடா என்று
கபிலாஷை ஏசினேன்.
திரும்பவும் ஒன்றரை அடி.
சுவரைத் தட்டினேன்,
வெறுங்குடம் மாதிரிக் கேட்டது.

அதிபர் பெனடிக்டா
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இரண்டாயிரத்து ஒன்பதில் இது முகாம்.
சனத்தை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகும்வரை பதினேழு நாள்.
அந்தச் சுவரில்தான் எழுதினார்கள், அடுப்புக்கரியால்:
பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம்.
'தர்மினி, ஆறு வயது, ஒரு காதில் மட்டும் தோடு.'
'மாத்தளன் ஆஸ்பத்திரி வாசல், மண்ணிறச் சேட்டு.'
'இதைக் கண்டால் அங்கேயே நில்.'

பெற்றோர் சங்கம் வெள்ளையடிக்கச் சொன்னது.
வாளி வந்தது, மேசன் மரியதாசும் வந்தார்.
அவர் நின்று வாசித்தார், பின்னேரம் வரைக்கும்.
அடிக்க ஏலவில்லை.
அதற்கு முன்னால் நின்று
வீதமும் வட்டியும் படிப்பிக்கவும் ஏலவில்லை.
இன்னொரு சுவர் எழுப்பினார்கள், அரைக்கல்லில்.
ஒட்டிக் கட்டினால் சாந்து கரியை அழித்துவிடும் என்று
நடுவில் ஒன்றரைச் சாண் இருட்டு விட்டார்கள்.

வரைபடத்தில் வெற்றிடம் விட்டால்
காரணம் எழுதவேண்டும்:
குழாய்க்கு, காற்றுக்கு, ஏதோ ஒன்றுக்கு.
நான் முழுவதையும் சுவராகவே கீறினேன்.

உத்தியோகத்தர் அதில் விரலை வைத்தார்.
ஏன் இவ்வளவு தடிப்பு?
சுமை தாங்கும் சுவர் என்றேன்.
மேலே தகரம்தானே, என்றார்,
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்,
பிறகு முத்திரையைத் தேடினார்.

கட்டணம் நாலாயிரத்து ஐந்நூறு.
பற்றுச்சீட்டில் பள்ளிக்கூடத்தின் பெயர் பிழை.
நான் திருத்தச் சொல்லவில்லை.