பாதி இரும்பு

மூன்று குளிர்காலமாய்
என் ஜன்னலுக்கு ஒரு போர்வைதான் திரை.
ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட சாம்பல் கம்பளி,
பதினாறு ஆணி.

இரவெல்லாம் சலவைக்கூடத்தில்
யார் யாரோ படுத்தெழுந்த விரிப்புகளை வெளுப்பவளுக்குக்
காலை எட்டு மணிதான் நடுநிசி.
துலூத் நகரத்துச் சூரியனோ
ஏரியில் ஒருமுறை, பனியில் ஒருமுறை என்று
இரண்டு தரம் உதிக்கும்.

போன செவ்வாய்க்கிழமை
ஓர் ஆணி கழன்று தலையணையில் விழுந்தது,
என் காதுக்கு நான்கு விரல் தள்ளி.
போதும் என்றேன், ஆணியிடம்.

கடையில் கருப்பு இரும்புப் பைப்.
தொழிற்சாலை அழகாம், இப்போது அதுதான் மோஸ்தராம்.
தொழிற்சாலையிலேயே வேலை பார்ப்பவளுக்கு
அதைக் காசு கொடுத்து வாங்கச் சிரிப்பு வந்தது.
விலைச்சீட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.
தூக்கிய பைப்பை
தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல்
சத்தமில்லாமல் திரும்ப வைத்தேன்.

விரலுக்கேற்ற வீக்கம்:
சுவரில் பதிக்க இரண்டு வட்டத் தட்டு,
இரண்டு குட்டைப் பைப், இரண்டு எல்போ.
இவை மட்டும் அசல் இரும்பு.
நடுவில் ஓடும் ஆறடிக்கு
மின்கம்பி நுழைக்கும் தகரக் குழாய்.
பத்தடி, ஒன்பது டாலர்.

பாய்லர் அறை ஆரின் மாக்கி
ரம்பத்தைக் கடனாகத் தந்தான்.
“வெர்னா, பிளேடு உடைந்தால் புதிது வாங்கித் தரணும்.”
உடைந்தது. வாங்கித் தரவில்லை இன்னும்.

இரும்பின் மேல் ஒரு எண்ணெய்ப் பிசுக்கு,
யாரும் சொல்லியிருக்கவில்லை.
பாத்திரச் சோப்பு, வினிகர், மறுபடி சோப்பு.
கழுவக் கழுவக் கறுத்தது என் கைதான்.
வராந்தாவில் செய்தித்தாள் விரித்து
கருப்பு ஸ்ப்ரே அடித்தேன், மூன்று பூச்சு.
காய்ந்தபின் எது இரும்பு, எது தகரம்?
தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.
யார் தட்டப் போகிறார்கள்.

எல்போவுக்குள் குழாய் லொடலொடத்தது.
டேப் சுற்றினேன்,
பேண்டேஜ் போல, ஏழு சுற்று. பிடித்துக்கொண்டது.

சுவரைத்தான் நம்ப முடியவில்லை.
காது வைத்துத் தட்டி, கட்டை இங்கே என்று துளைத்தால்
வெறும் சுண்ணாம்பு, பொலபொலவென்று.
கொஞ்சம் தள்ளி. அங்கேயும் இல்லை.
நான்காவது தரம் ஸ்க்ரூ முனகியது, ஏறியது.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதுதான்.
மூன்று தப்பான ஓட்டைகளை
ஒரு வட்டத் தட்டில் மறைக்கலாம்.

அளக்கப் போர்வையைப் பிடுங்கியபோதே சொல்லியிருக்க வேண்டும்:
சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது.
மூன்று வருஷமும் இருந்திருக்கிறது.
அதில் ஒருவர் பனியனோடு நின்று
சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு,
வேறெதுவும் கையில் இல்லாததால்
இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி வணக்கம் சொன்னார்.

நான் டிரில்லைத் தூக்கினேன்.

காலரை நடுவிலிருந்து நுனிக்குத் தேய்த்தார்.
சகிக்கவில்லை.
கண்ணாடிக்கு இப்பாலிருந்து விரலால் காட்டினேன்:
நுனியிலிருந்து உள்ளே. அந்தப் பக்கமும். ஆங்.
சட்டையை விளக்கொளியில் தூக்கிப் பார்த்தார்,
புதையல் எடுத்தவர் மாதிரி.

திரை மாட்டியாயிற்று. இழுத்தேன்.
வளையங்கள் தகரத்தில் சரசரவென்று ஓடி
எல்போவில் முட்டி நின்றன.
இருட்டு. நல்ல, முழு இருட்டு.
மூன்று மணிவரை அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன்.

எழுந்ததும் கை தானாக ஆணியைத் தேடியது.
ஆணி இல்லை.
போர்வையைத் திறக்க முடியாது, பிடுங்கத்தான் முடியும்;
இது விரலால் தள்ளினால் போகிறது.
தள்ளினேன்.
ஏரியில் தாதுக் கப்பல் ஒன்று நகராததுபோல் நகர்ந்தது.
எதிர் ஜன்னலில் ஆளில்லை.
நாற்காலி முதுகில் அந்தச் சட்டை,
காலர் என் பக்கம் திரும்பி.

உள்ளங்கையைப் பார்த்தேன்: கருப்பு.
பெயிண்ட் இன்னும் காயவில்லை.