எஞ்சிய குளோரின்

பதிவேட்டில் இன்னும் அந்தக் கட்டம் இருக்கிறது.
'எஞ்சிய குளோரின்' என்று அச்சடித்து,
மணிக்கு ஒரு வரி.
அச்சடித்த புத்தகம் இன்னும் முப்பத்தொன்று கிடக்கிறது,
தீரும்வரை இதிலேயே எழுதுங்கள் என்று
மேலே சொல்லிவிட்டார்கள்.
நான் சின்னதாக ஒரு கோடு போடுகிறேன்.

அழகர் மலைக்குத் திரும்பிய மறுநாள்
சக்கிமங்கலத்துக்குக் கிரேன் வந்தது.
மஞ்சள் உருளைகள் நான்கையும்
சங்கிலியில் தொங்கவிட்டு லாரியில் ஏற்றினார்கள்.
சோணைமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.
கும்பிட நின்றானா, ஓடத் தயாராக நின்றானா,
நான் கேட்கவில்லை.

குச்சி நுனியில் பஞ்சு சுற்றி
அம்மோனியாவில் தோய்த்து
வால்வைச் சுற்றி மெல்லக் காட்டிக்கொண்டே போவான்.
கசிகிற இடத்தில் வெள்ளைப் புகை எழும்.
ஆரத்தி எடுக்கிறாயாடா என்று சிரிப்போம்.
ஓர் ஐப்பசி மழையில் புகை எழுந்தது.
காற்றுப்பை கிழக்கே நீட்டி நின்றது,
நாங்கள் மேற்கே ஓடினோம்.
அவன் வால்வை மூடிவிட்டு வந்தான்.
பதினோரு நாள் பெரியாஸ்பத்திரி.
இன்றைக்கும் மாடிப்படியில் பாதியில் நின்று
எதையோ மறந்துவிட்டவன்போல் நடிப்பான்.

இப்போது விளக்குகள்.
கண்ணாடிக் குழாய்க்குள் ஒவ்வொன்றாக
தொண்ணூற்றாறு, தண்ணீருக்குள் படுத்திருக்கின்றன.
மூடியைத் திறந்து பார்க்கக்கூடாது என்று
கோயம்புத்தூர் எஞ்சினியர் மூன்று தரம் சொன்னார்.
இடுக்கில் கசிகிற நீலம்
வேலை செய்கிற வெளிச்சம் இல்லையாம்.
வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாதாம்.

இருபது வருசம் மூக்கை நம்பிப் பிழைத்தவன் நான்.
ராத்திரி ரெண்டு மணிக்கு, தூக்கத்திலும்
மூக்கு சொல்லும்: டோஸ் குறையுது, எந்திரி.
இப்போது எழுப்ப ஆளில்லை.

ஆய்வகத்து நூர்நிஷா சொன்னாள்:
"அது கிருமியக் கொல்றதில்லண்ணே.
பெருக விடாமப் பண்ணுது, அவ்வளவுதான்.
உசுரோடதான் வெளிய போகும்,
வாரிசு இல்லாம."
பிறகு, தட்டைக் கழுவிக்கொண்டே, தயங்கி:
"சிலது வெயில் பட்டாத் தன்னால சரியாயிக்கும்."

வெளிச்சம் உடைத்ததை
வெளிச்சமே ஒட்டவைக்குமா?
வாய்க்காலைப் பார்த்தேன்.
நம்மூர் வெயில், கேட்கவா வேணும்.
"அதுக்கும் சேத்துத்தாண்ணே கணக்கு" என்றாள்.
நம்பினேன்.
நம்புவதுதான் இப்போது வேலை.

நம்புவதற்கும் துடைக்க வேண்டியிருக்கிறது.
தண்ணீர் கலங்கினால் ஒரு துகளின் நிழலில்
ஒரு கூட்டமே ஒளிந்து கடந்துவிடும்.
கண்ணாடியில் உப்பு வெள்ளையாகப் படியும்.
வாரம் ஒருநாள் எலுமிச்சை உப்பில் துணியை நனைத்து
உட்கார்ந்தபடி துடைக்கிறான் சோணைமுத்து.
படி ஏறவேண்டாத வேலை.
கரண்ட் போனால்
ஜெனரேட்டர் பிடிக்கப் பதினைந்து விநாடி,
விளக்கு சூடேற மூன்று நிமிடம்.
அதுவரை மதகைப் போட்டு
தண்ணீரை வாசலிலேயே நிறுத்திவைக்கிறோம்.

வெளியேறுகிற வாய்க்காலில் முன்பெல்லாம்
பாசிகூட வெளுத்துக் கிடக்கும்.
போன வாரம் விரல் நீளத்தில் ஜிலேபிக் கெண்டை,
ஏழெட்டு இருக்கும்,
ஓட்டத்துக்கு எதிராக நின்ற இடத்திலேயே நீந்தின.
ஓடிப்போய் நூர்நிஷாவைக் கூட்டிவந்தேன்.
அவள் வருவதற்குள் இல்லை.

கீழ்மடையில் மாட்டுப்புல் போட்டிருக்கிற மாயக்காள்
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்:
"ஏய்யா, மருந்து போடுறத நிப்பாட்டிட்டீகளா?
முன்னெல்லாம் ஆசுபத்திரி வாடை அடிக்கும்,
தைரியமாக் கால வப்பேன்.
இப்ப ஒண்ணுமே இல்ல, பயமா இருக்கு."
ஒளியைச் சொன்னேன்.
"எங்க, காட்டு."
காட்டுகிற ஒளி இல்லையே அது.
புல்கட்டைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு
போகிற போக்கில் சொன்னாள்:
"வாசத்துக்காச்சும் கொஞ்சம் போட்டு விடு சாமி."

மணி ஆறு.
கட்டத்தில் கோடு போடுகிறேன்.
பேனா மை திட்டாகிவிட்டது,
ஊதிக் காயவைக்கிறேன்.