பத்தி முப்பத்தெட்டு

ரெஜைனாவில் காலை பத்துக்குத் தீர்ப்பு.
இங்கே கம்சாக்கில் சிக்னல் கிடைப்பது
தானியக் கிடங்கின் மேட்டில்தான்,
அதுவும் காற்றைப் பொறுத்து.
லாரியை நிறுத்திவிட்டுச் சத்தமாக வாசிக்கிறேன்.
ஓரெஸ்ட் கீழே குந்தி
சூரியகாந்தி விதை கொறிக்கிறார்.

அறுபத்திரண்டு பத்திகள்.
முதல் இருபதில் அவர் பெயரே இல்லை.
'மேல்முறையீட்டாளர்' என்று யாரோ ஒருவர்
தம் அறுவடை இயந்திரத்தின் பூட்டை
மடிக்கணினியால் திறந்திருக்கிறார்.
"கெட்டிக்காரன்" என்கிறார் ஓரெஸ்ட்.

முப்பத்தெட்டில்:
இரும்பு, வாங்கியவருடையது.
இரும்புக்குள் ஓடும் வாக்கியம்
எழுதியவருடையது.

அதற்குமேல் வட்டம்தான் சுழல்கிறது.

காத்திருந்தோம். மேற்கே மேகம்.
கோதுமைக்கு நீதிபதியைத் தெரியாது;
ஈரம் ஏறினால் விலை இறங்கும்,
அவ்வளவுதான் அதன் சட்டம்.

மீதி வந்தது. இரண்டுக்கு ஒன்று. தோல்வி.
மாறுபட்டு எழுதிய அந்த ஒருவர் மட்டும்
கடைசிப் பத்தியில் கேட்டிருந்தார்:
தன் கலப்பையோடு பேச
ஒருவன் யாரிடம் அனுமதி வாங்குவது?

"அதை இன்னொரு தடவை வாசி."
வாசித்தேன்.
தோலைத் துப்பிவிட்டு எழுந்தார்.

வயலில், பாதி வெட்டிய வரிசையின் நடுவே,
இயந்திரத்தின் திரையில் அதே சிவப்பு எழுத்து:
அங்கீகரிக்கப்பட்ட முகவரை அழைக்கவும்.
தொப்பியைக் கழற்றி அதன்மேல் மாட்டினார்.

பிறகு வெறுந்தலையோடு
வேலி தாண்டி நடந்தார்,
மார்லா டைசார்ட்டின் பழைய வண்டியை
மழைக்குமுன் ஓர் இரவுக்கு
இரவல் கேட்க.