பன்னிரண்டு இருபத்துமூன்று

"பதினைந்து நிமிடம் போதும்.
அந்த நட்சத்திரம் உண்மைதான் என்று
அறிவியலே நிரூபித்துவிட்டதாகச் சொல்லுங்கள்"
என்றார் போதகர் ஞானாபரணம்.
நிரூபித்தது யார் என்று நான் கேட்கவில்லை.
டிசம்பரில் போதகர்களிடம் கணக்குக் கேட்கக் கூடாது.

ஈசூனில், ஒன்பதாவது மாடியில்,
துணி காயும் மூங்கில் கழிகளின் கீழ் உட்கார்ந்து
மடிக்கணினியில் வானத்தைப் பின்னுக்கு ஓட்டினேன்.
லிஃப்டின் எண்களைப் போல
நூற்றாண்டுகள் இறங்கின.
கி.மு. ஏழில் நிறுத்தினேன்.
மீன ராசியில் வியாழனும் சனியும்
மூன்று முறை கிட்ட வந்து
மூன்று முறையும் கைகுலுக்காமல் விலகின.
நடுவே இரண்டு முழுநிலவு நுழையலாம்.
யார் கண்ணுக்கும் ஒரே விளக்காகத் தெரிந்திருக்காது.

எதிர்வீட்டு விசாலம் எட்டிப் பார்த்து
"சனியா? நல்லதுக்கா, கெட்டதுக்கா?" என்றார்.
கிழக்கிலிருந்து போனவர்களும்
இதைத்தான் கேட்டிருப்பார்கள்.
அவர்களுக்கு என்னைவிட விசாலம்தான் சொந்தம்.

பள்ளி வானியல் மன்றத்துக் குவெக் சியூ லான்
பழைய சீனக் குறிப்பொன்றைப் படித்துக் காட்டினாள்:
கி.மு. ஐந்து, மகரத்தின் பக்கம்,
எழுபது நாளுக்கு மேல், ஒரு துடைப்ப நட்சத்திரம்.
ராஜா பிறந்ததற்குத் துடைப்பமா என்றேன்.
"பெருக்க வந்திருக்கும்" என்றாள்
புத்தாண்டன்று வீட்டைப் பெருக்கவே விடாதவள்.

எதுவும் ஒரு வீட்டின்மேல் நிற்காது.
வக்கிரத்தில் வியாழன் நிற்பதுண்டு;
அதுவும் மீன்களுக்கு நடுவேதான், கூரைமேல் அல்ல.
விடிவதற்குள் அதுவும் சாய்ந்து மறையும்.

போதகர் கேட்காத இன்னொன்றும் இருந்தது.
சிலுவையன்று மூன்று மணி நேர இருட்டு.
பஸ்கா என்றால் பௌர்ணமி.
பௌர்ணமி நிலவு சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும்,
எத்தனை கெஞ்சினாலும் குறுக்கே வராது.
இரண்டாயிரத்துப் பத்தொன்பதில்,
கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மதியம்,
இங்கேயே மோதிரச் சூரியனைப் பார்த்தேன்.
தொண்ணூறு பங்குக்கு மேல் மறைந்தும்
பகல் பகலாகவே இருந்தது.
மரநிழலில் ஆயிரம் மோதிரங்கள், இரண்டு நிமிடம்.
ஒரு மைனாகூட ஏமாறவில்லை.

விளக்க முடிந்தால் அது அடையாளம் அல்ல, அட்டவணை.
விளக்க முடியாதென்றால்
என்னை எதற்கு மேடையில் ஏற்றுகிறீர்கள்?

ஏறினேன்.
தேக்கா ஜிகினாத் துணியில் மூன்று ஞானிகள்
முன்வரிசையில் அரித்துக்கொண்டு நெளிந்தார்கள்.
கோள், துடைப்பம், வக்கிரம் எல்லாம் சொன்னேன்.
பன்னிரண்டாம் நிமிடத்தில்
எழுதி வைக்காத ஒன்றைச் சொல்லத் தொடங்கினேன்:
நட்சத்திரம் அவர்களை நேராக
அந்த வீட்டுக்குக் கொண்டுவிடவில்லை.
நடுவில் அரண்மனையில் வழி கேட்டார்கள்.
கேட்டதால் அவனுக்குத் தெரிந்தது.
தெரிந்ததால் அந்த ஊரில்
இரண்டு வயதுக்குட்பட்ட
ஆண்பிள்ளைகள் ஒருவர்கூட…

தாய் மடியில் எபினேசர்,
இருபது மாதம்,
அட்டைக் கிரீடத்தை மென்றுகொண்டிருந்தான்.

அதற்கு எந்த ராசி?
எத்தனை டிகிரி?
பதின்மூன்றாம் நிமிடத்தில் இறங்கிவிட்டேன்.

போதகர் ஒன்றும் சொல்லவில்லை.
வழக்கமாக இரண்டு துண்டு பழக்கேக் தருபவர்
ஒன்றை மட்டும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

நள்ளிரவு ஆராதனை முடிந்து
கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது
மழைமேகம் கிழிந்திருந்தது.
விளக்குகள் தின்றது போக
இந்தத் தீவுக்கு மிஞ்சுவது கைவிரல் அளவு நட்சத்திரங்கள்.
அவற்றில் மூன்று,
திருவாதிரைக்குப் பக்கத்தில், ஒரே வரிசையில்,
நேர் உச்சியில் நின்றன.
கைப்பேசியில் மணி பார்த்தேன்:
பன்னிரண்டு இருபத்துமூன்று.
பூமத்திய ரேகை பக்கத்தில் இருப்பதால் இந்தச் சலுகை.
இதில் அற்புதம் ஒன்றுமில்லை.

ஆலயத்தின்மேல் நின்றன.
ஈரச்சந்தையின்மேல், குப்பைத் தொட்டிகளின்மேல்,
மூன்றாம் ஷிப்டுக்கு லாரி ஏறும் ஆட்களின்மேல்,
பிரசவ வார்டின் ஏசிப் பெட்டிகள்மேல்
நின்றன.
கழுத்து வலிக்கும் வரை பார்த்தேன்.

யாராவது வந்து
எந்த வீட்டின்மேல் என்று கேட்டால்
நான் வழி சொல்ல மாட்டேன்.