பாக்கி

அவினாசி ரோட்டில் ஒன்பதாவது மாடியில்
கடல் வைத்திருக்கிறார்கள்.
கவிழ்த்துப் போட்ட படகு, வலை, நீல விளக்கு,
தூணுக்குத் தூண் ஒலிபெருக்கியில் அலை.

"கடல் பக்கமா உக்காருறீங்களா மேடம்?"
கண்ணாடிக்கு அந்தப்புறம்
பீளமேடு வரைக்கும் வண்டிகளின் சிவப்பு விளக்கு.
கடல் பக்கமே என்றேன்.

முதலாளி போனில் சொன்னது இவ்வளவுதான்:
"புரட்டாசிங்க, ஒருத்தரும் கறிமீன் தொடறதில்லைங்க.
ஐப்பசி பொறக்கட்டும், மொத்தமாத் தந்தர்றேன்."
ஐப்பசியின் முதல் ஞாயிறு இன்று.
வாசலில் பதினான்கு பேர் பெயர் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள்.
நான் எண்ணினேன்.
எண்ணுவது என் தொழில்:
மூட்டை, நடை, நாள்.

மூன்று மாதம்.
ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம்.
காங்கேயத்துத் தொட்டிக்கரி, மூட்டை முப்பது கிலோ,
லிஃப்ட் வரைக்கும் ஏற்றுகூலியும் என் தலையில்.

கூட வந்தது பாவாத்தா, என் நாத்தனார்,
சூளையில் கணக்கு அவளுடையது.
மெனு அட்டையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு
"நங்கையா, மீனுக்கு வெலையே போடலையே" என்றாள்.
'அன்றைய விலை' என்று அச்சடித்திருந்தது.
அப்படி ஒரு வரியை
என் பில்லில் போட எனக்குத் தோன்றியதே இல்லை.

நடுவில் அடுப்பு. ஆள் உயரக் கம்பிச் சட்டம்,
சங்கிலியில் ஏறி இறங்கும் வலைத்தட்டு,
கீழே கனன்றுகொண்டு
எங்கள் கரி.
நல்ல கரியைத் தட்டினால் கிண்ணென்று பாத்திரம் போலக் கேட்கும்,
உடைத்தால் உள்ளே பளபளக்கும்,
எரிந்தால் அங்கே தீ இருப்பதே தெரியாது.
இது
பட்டென்று வெடித்தது.
பொறி பறந்தது.
பக்கத்து மேசைக் குழந்தை கைதட்டியது.

பாவாத்தா என்னைப் பார்த்தாள். நான் படகைப் பார்த்தேன்.

ஆவணிக் கடைசியில் மூன்று நாள் தூறல்.
நனைந்த தொட்டி, வேகாத சூளை,
ஆள் கூலி ஏறிக்கொண்டே போகிறதென்று
ஒரு நாள் முன்னாலேயே மண்ணை விலக்கச் சொன்னது நான்தான்.
அந்த நடை முழுக்க இங்கேதான் வந்தது.

அடுப்பில் நின்றவன் அசாம்காரன்,
சட்டையில் பிபுல் என்று தைத்திருந்தது.
கண்ணைத் துடைத்துத் துடைத்து வஞ்சிரத்தைத் திருப்பினான்.
கடல் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன்.
"இல்லக்கா. ரயில் ஜன்னல்ல ஒரு தடவ, ராத்திரி."
கரி எப்படி?
"முன்ன நல்லாருக்கும்.
இப்ப பொகை."
நான் யாரென்று அவனுக்குத் தெரியாது.
சொல்லவுமில்லை.

மீன் வந்தது. தூத்துக்குடியிலிருந்து ஐஸில் படுத்து
ராத்திரி பஸ்ஸில் வந்ததாம்.
தோல் கருகி, உள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் பிரிந்தது.
புகை ஏறியிருந்தது, என் புகை.
பக்கத்து மேசையில் ஒருவர்
"இந்த ஸ்மோக்கி டேஸ்ட் வேற எங்கயும் வராது" என்றார்.
பாவாத்தாவுக்குச் சிரிப்பு
புரையேறிவிட்டது.

மேலே ஒரு கடற்பறவை
பதினோரு நிமிடத்துக்கு ஒரு முறை கத்தியது.
நான்காவது முறை கத்தும்போது
முதலாளி வந்தார். கும்பிட்டார்.
"நம்ம வீட்டுச் சாப்பாடுங்க, உங்ககிட்டப் போயி பில்லா?"
பில் வேணுங்க என்றேன்.
ஆறாயிரத்து நானூற்று இருபது.
பின்பக்கம் திருப்பி
பாவாத்தா கழித்து எழுதினாள்.
1,77,580.
கையெழுத்துப் போடுங்க.

அவர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோது
அந்த ஒரு நடைக்கு விலை குறைக்கச் சொல்ல
வாயெடுத்தேன்.
அடுப்பில் மறுபடி பட்டென்றது.
சங்கிலியை இன்னும் ஒரு கண்ணி மேலே ஏற்றினான் பிபுல்.

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

லிஃப்டில் பாவாத்தா சேலைத் தலைப்பை முகர்ந்து
"தெனம் வர்ற வாசந்தான்" என்றாள்,
"கொஞ்சம் மீனும் இருக்குது."
வண்டியில் ஏறியும் நான் பேசவில்லை.
சூலூர் தாண்டியதும்
நாளைக்கு எந்த மூட்டையை அனுப்புவதென்று
அவளே கேட்டாள்.