பொருந்தவில்லை

ஒப்புதல் படிவம் பதினாறு பக்கம்.
தமிழாக்கியவர் பாவம்,
'தன்னுடல் தாக்கு நோய்' என்ற சொல்லைப்
பக்கத்துக்குப் பக்கம் தள்ளிக்கொண்டே போயிருந்தார்
காற்றிறங்கிய சைக்கிளைப் போல.
பத்தாம் பக்கத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.
செல்லூர் ரேஷன் கடையில் பதினோரு வருஷமாய்
இதைத்தானே பார்க்கிறேன்:
விரல் அவர்களுடையது, அட்டை அவர்களுடையது,
மெஷின் மட்டும் சொல்லும்
ரேகை பொருந்தவில்லை.

என் ரத்தத்துக்குள்ளும் அப்படியொரு மெஷினாம்.
பிறந்த நாளிலிருந்து கழுத்தில் குடியிருக்கும்
தைராய்டுச் சுரப்பியை
யார் நீ, யார் நீ என்று
இரவும் பகலும் கதவைத் தட்டுகிறது.
தட்டத் தட்ட அது பயந்து சுரக்கிறது.
கிரேவ்ஸ் நோய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதலில் கை நடுங்கியது.
பருப்பு நிறுக்கையில் தராசில் எண்கள் துள்ளின.
அம்பது கிராம் அமுக்கிட்டா என்றார்
லேத் பட்டறைக்காரர்.
பிறகு கண்.
யாரையும் முறைக்கவில்லை நான்,
இமை முழுசாய் மூடவில்லை, அவ்வளவுதான்.
ஆனாலும் அந்த மாதங்களில்
வரிசை ஒழுங்காய் நின்றது, மறுப்பதற்கில்லை.
மார்கழியிலும் ஃபேனைக் கூட்டி
வீட்டுக்காரரைப் போர்வைக்குள் அனுப்பினேன்.
மாடிப்படி ஏறினால்
நெஞ்சுக்குள் விசைத்தறி.

மாத்திரை தின்றேன், தணிந்தது,
விட்டேன், திரும்பி வந்தது.
சுரப்பியையே எரித்துவிடலாம் என்றார்கள்.
அதற்கு முன்னால் ஒரு சோதனை நடக்கிறது,
விருப்பமிருந்தால், என்றார்
கே.கே. நகரில் டாக்டர் நிலோஃபர்.
சுரப்பியைத் தொட மாட்டார்களாம்.
அதன் வாசற்கதவு மாதிரியே
சின்னச் சின்னப் புரதத் துணுக்குகள்,
தோலுக்கடியில், முதலில் துளி,
பதினைந்து நாள் கழித்து இன்னும் கொஞ்சம்,
காவல் அணுக்களுக்கு முகம் பழகும்வரை:
இது நம்ம வீட்டு ஆளுதான், விடு.
வேலை செய்யுமா என்று கேட்டேன்.
"தெரிந்தால் சோதனை எதற்கு?"
அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்
கையெழுத்துப் போட்டேன்.

கட்டெறும்புக் கடி மாதிரி ஓர் ஊசி.
மருந்தா வெறும் உப்புத்தண்ணியா
எனக்குத் தெரியாது, நர்ஸுக்குத் தெரியாது,
டாக்டருக்கே தெரியாது.
எங்கேயோ ஒரு கம்ப்யூட்டருக்குத் தெரியும்.
பக்கத்து நாற்காலியில் உசிலம்பட்டி ஒச்சம்மா
ஊசி போட்டதும் உதட்டை நக்கிப் பார்ப்பாள்
கரிக்கிறதா என்று.
ஆறாவது ஊசிக்கு அவள் வரவில்லை.
உடம்பெல்லாம் தடிப்பு, நிறுத்திட்டாக,
அப்ப எனக்கு மருந்துதான் போல, என்று
போனில் சிரித்தாள்
ஜெயித்தவள் மாதிரி.

எனக்குத் தடிப்பில்லை. அதுதான் கவலை.
முப்பத்தொன்றாய் இருந்த எண்
பன்னிரண்டுக்கு இறங்கியிருக்கிறது.
டாக்டர் சிரிக்கவில்லை.
சிலருக்குத் தானாகவும் இறங்கும் என்றார்.

நேற்று கடையில் கொத்தனார் இருளப்பன்.
சிமெண்ட் தின்ற விரல்கள்.
பெருவிரல், பொருந்தவில்லை.
ஆள்காட்டி விரல், பொருந்தவில்லை.
ஈரத்துணியால் துடைத்தேன்.
தலைமுடியில் தேய்த்துவிட்டு வைக்கச் சொன்னேன்.
பின்னால் வரிசை முனகியது.
போன வருஷமென்றால்
நாளைக்கு வாங்க என்றிருப்பேன்.
ஏழாவது தடவை, இடது கை மோதிர விரலுக்குப்
பச்சை எரிந்தது.
அவர் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
இது என்னுதுதான் என்றார்
யாரிடமோ.

அரிசி நிறுத்தேன், இருபது கிலோ.
எண் துள்ளவில்லை,
அல்லது நான் கவனிக்கவில்லை.
அவர் மூட்டையைக் கட்டுகிற நேரத்தில்
கழுத்தில் கைவைத்துப் பார்த்தேன்,
தட்டுகிறதா என்று.
பாமாயில் வரலையா
என்றது வரிசை.